பாஞ்சோவை மூன்று விரல்களால் வாசிக்கும் முறையை எர்ல் ஸ்க்ரக்ஸ்தான் கண்டுபிடித்தாரா?

கேள்வி சுருக்கமாக இதுதான்: அமெரிக்க நாட்டுப்புற இசைவகைகளில் ஒன்றான புளூகிராஸில் பாஞ்சோ என்றாலே எர்ல் ஸ்க்ரக்ஸின் பெயரைச் சொல்கிறார்கள், மூன்று விரல் வாசிப்பைக் கண்டுபிடித்தவர் அவர்தானா, அவருடைய வாழ்க்கையும் இசையும் எத்தகையவை, புதிதாகக் கேட்கத் தொடங்குகிறவர் எதிலிருந்து தொடங்கலாம்?

கண்டுபிடித்தவர் அவர் அல்லர். தமக்கு முன்பே அப்படி வாசித்தவர்களின் பெயர்களை அவரே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், மேற்கு மலைகளின் அடிவாரத்தில் இருக்கும் க்ளீவ்லேண்ட் கவுண்டியிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் 1920களிலேயே கட்டைவிரல், ஆட்காட்டி விரல், நடுவிரல் மூன்றையும் கொண்டு பாஞ்சோவை மீட்டியவர்கள் இருந்தார்கள். ஸ்மித் ஹேமெட், ரெக்ஸ் புரூக்ஸ், பார்வையற்ற கலைஞரான மேக் உல்பிரைட் ஆகியோர் அவர்களுள் சிலர். ஸ்னஃபி ஜென்கின்ஸ் அந்த வாசிப்பை வானொலிக்கே கொண்டுபோய்விட்டிருந்தார். உல்பிரைட் ஆடுநாற்காலியில் அமர்ந்து வாசித்ததை ஆறு வயதுச் சிறுவனாக இருந்தபோது கேட்டது, ஸ்க்ரக்ஸுக்கு முதுமையிலும் மறக்கவில்லை.

அப்படியானால் அந்த வாசிப்புமுறைக்கு உலகம் முழுவதும் 'ஸ்க்ரக்ஸ் பாணி' என்று ஏன் பெயர் வந்தது? மற்றவர்களின் கையில் துள்ளலான ஒரு விரல்வேலையாக இருந்ததை, ஒரு பாடலின் மெட்டை முழுவதுமாகத் தாங்கிச் செல்லும் வாசிப்பாக மாற்றியவர் அவர். இதைப் புரிந்துகொள்ளக் கருவியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

பாஞ்சோ என்பது தோல் இழுத்துக் கட்டிய ஒரு பறைக்கு நீண்ட கழுத்து வைத்தது போன்ற கருவி. மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட மக்கள், தங்கள் ஊரில் வாசித்த கருவிகளின் நினைவில் சுரைக்குடுக்கையையும் தோலையும் கொண்டு அமெரிக்க மண்ணில் செய்துகொண்டதிலிருந்து அது வளர்ந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெள்ளையர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பின மக்களைக் கேலிசெய்து நடத்திய மேடைக் காட்சிகள் அதைப் பிடித்துக்கொண்டன. கருவியின் மேல் அன்று ஒட்டிய கோமாளித்தனம் நெடுங்காலம் போகவில்லை. 1940களில் நாட்டுப்புற இசைக்குழுக்களில் பாஞ்சோ வாசித்தவர் பெரும்பாலும் நகைச்சுவைக்காரராகவும் இருப்பார். தொளதொளவென்று உடுத்திக்கொண்டு, இரண்டு துணுக்குக்கு நடுவே ஒரு பாட்டு வாசிப்பார்.

புளூகிராஸில் புழங்குவது ஐந்து தந்திப் பாஞ்சோ. நான்கு தந்திகள் கழுத்தின் உச்சியிலிருந்து புறப்படுகின்றன. ஐந்தாவது மட்டும் கழுத்தின் பாதிவழியில், ஐந்தாம் ஃபிரெட்டுக்கு (ஸ்வர இடங்களைக் காட்டக் கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பிக்கு) பக்கத்தில் தனி முறுக்காணியிலிருந்து புறப்படுகிறது. ஆகவே அதுதான் மிகக் குட்டையான தந்தி, மிக உயர்ந்த ஸ்வரமும் அதனுடையதே. ஆனால் அது இருக்குமிடமோ கட்டைவிரலுக்கு அருகில், கனத்த தந்திகள் இருக்கும் பக்கம். வழக்கமான சுருதியமைப்பில் ஐந்து தந்திகளையும் சும்மா தட்டினாலே ஒரு முழு ஜி மேஜர் கார்டு ஒலிக்கும். நம் பேச்சில் சொன்னால், ச, க, ப மூன்றுமே அதில் அடங்கிவிடும். பழைய வாசிப்பில் நகத்தால் தந்தியைக் கீழ்நோக்கி அடித்துவிட்டு, கட்டைவிரலால் ஐந்தாம் தந்தியைச் சுண்டுவார்கள். தாளம் அழகாக நிற்கும், ஆனால் வேகமான பாட்டில் மெட்டுக்கு இடம் குறைவு.

இன்னொரு சிக்கலும் உண்டு. தோலின் மேல் நிற்கும் தந்தி சுண்டியவுடன் பளீரென்று ஒலித்து உடனே அடங்கிவிடும். பாடகர் நான்கு எண்ணிக்கைக்கு ஒரு ஸ்வரத்தை நீட்டினால் பாஞ்சோவால் நீட்ட முடியாது. ஸ்க்ரக்ஸின் வாசிப்பு இந்தக் குறையிலிருந்து பிறந்தது என்பது என் எண்ணம். நீட்ட முடியாததை அவர் நிரப்பினார். கட்டைவிரலில் பிளாஸ்டிக் நகமும் மற்ற இரு விரல்களில் உலோக நகங்களும் மாட்டிக்கொண்டு, ஒரு தாளச் சுற்றுக்கு எட்டு ஸ்வரங்கள் வீதம் இடைவெளியே இல்லாமல் ஓடவிட்டார். இந்தச் சுழற்சிக்கு 'ரோல்' என்று பெயர். ஒரே விரல் அடுத்தடுத்து இரண்டு முறை வருவது அரிது, ஒரே தந்தியும் பெரும்பாலும் அப்படித்தான். ஒரு தந்தியின் ஒலி அடங்குமுன் அடுத்த தந்தி ஒலிக்கத் தொடங்கிவிடுவதால், மணிகளைக் கொட்டினாற்போல் ஒன்றன்மேல் ஒன்றாக ஸ்வரங்கள் விழுகின்றன.

மூன்று விரல், எட்டு ஸ்வரம்: கணக்கு சரிப்படாது. அங்கேதான் சுவை இருக்கிறது. மூன்று விரல்கள் வரிசையாகச் சுழலும்போது எட்டு, மூன்றும் மூன்றும் இரண்டுமாக உடைகிறது. 'தகிட தகிட தக' என்று வாயால் சொல்லிக்கொண்டே, காலால் நான்கு சீரான தட்டுகள் போட்டுப் பாருங்கள். இரண்டாவது 'தகிட'வின் தொடக்கம் தட்டின் மேல் விழாமல் இரண்டு தட்டுகளுக்கு நடுவே விழும். டபுள் பேஸ் என்ற பெரிய தாழ்சுருதித் தந்திக்கருவியும் கிட்டாரும் சீராகத் தட்டிக்கொண்டிருக்க, பாஞ்சோவின் அழுத்தங்கள் மட்டும் இப்படி இடறி இடறி விழுவதுதான் புளூகிராஸுக்கு அந்த உந்துதலைத் தருகிறது. வேகம் மட்டுமே காரணம் என்று நினைப்பது பலர் செய்யும் பிழை. ஸ்க்ரக்ஸைவிட வேகமாக வாசித்தவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அவருடைய பதிவுகளைக் கணினியில் பாதி வேகத்தில் ஓடவிட்டுக் கேட்டிருக்கிறேன். ஸ்வரங்களுக்கு இடையிலுள்ள தூரம் அப்போதும் சமமாகவே இருக்கிறது. மெட்டுக்குரிய ஸ்வரம் ஒரு மயிரிழை கூடுதல் அழுத்தத்தோடும் நிரப்பு ஸ்வரங்கள் அதற்குப் பின்னே தள்ளியும் நிற்கின்றன.

அந்த ஒழுங்கு எங்கிருந்து வந்தது என்பதற்கு அவர் பிள்ளைப்பருவம் கொஞ்சம் வெளிச்சம் தருகிறது. 1924 ஜனவரி 6 அன்று ஷெல்பி நகருக்கு அருகிலுள்ள ஃபிளின்ட் ஹில் என்ற சிற்றூரில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். தந்தை பாஞ்சோவும் ஃபிடிலும் (நாட்டுப்புற இசையில் வயலினுக்கு அப்படித்தான் பெயர்) வாசிப்பவர். எர்லுக்கு நான்கு வயதாகும்போதே இறந்துவிட்டார். தாய் ஆர்கன் வாசிப்பார், உடன்பிறந்தவர்கள் எல்லோரும் ஏதாவது ஒரு கருவியைத் தொட்டவர்கள். மடியில் வைக்க முடியாத அளவுக்குப் பாஞ்சோ பெரிதாக இருந்ததால், கழுத்தின் மேல்பகுதியை எட்டும்போதும் கீழ்ப்பகுதிக்கு வரும்போதும் கருவியையே அங்குமிங்கும் நகர்த்தி வாசித்தானாம் சிறுவன். அண்ணன் ஹோரஸ் கிட்டாரோடும் இவர் பாஞ்சோவோடும் வீட்டு முற்றத்தில் முதுகோடு முதுகாக நிற்பார்கள். ஒரு பாட்டைத் தொடங்கிவிட்டு ஆளுக்கொரு பக்கமாக வீட்டைச் சுற்றி நடப்பார்கள். பின்புறம் சந்திக்கும்போது இருவரும் ஒரே இடத்தில் இருக்கிறார்களா என்று பார்ப்பதுதான் விளையாட்டு. தாளக்கட்டுக்கு இதைவிட நல்ல பயிற்சியை எந்த ஆசிரியரும் கொடுத்துவிட முடியாது.

மூன்றாவது விரல் சேர்ந்தது ஏறக்குறையப் பத்து வயதில். அதே அண்ணனோடு சண்டை போட்டுக்கொண்டு அறையில் போய் உட்கார்ந்து, எதையோ யோசித்தபடி 'ரூபன்' என்ற பழைய பாட்டை வாசித்துக்கொண்டிருந்தபோது, தம் கையைத் தற்செயலாகக் கவனித்தால் நடுவிரலும் ஓடிக்கொண்டிருந்தது என்று அவர் பின்னாளில் சொன்னார். அதற்குப் பிறகு நிகழ்ந்ததுதான் முக்கியமானது. என்ன வாசித்தாலும் கேட்பவருக்குப் பாட்டு அடையாளம் தெரிய வேண்டும் என்று தாய் அவரிடம் சொல்லியிருக்கிறார். விரல் வித்தையில் மெட்டு தொலைந்துவிடக் கூடாது என்ற அந்தக் கண்டிப்பு கடைசிவரை அவரை விடவில்லை. சொற்கள் உள்ள பாட்டை வாசிக்கும்போது ஒவ்வோர் அசையும் எங்கே விழும் என்று கணக்கிட்டே ரோலை அமைத்தார்.

போர்க்காலத்தில் ஷெல்பியில் ஒரு நூல் ஆலையில் வேலை பார்த்துத் தாயைக் காப்பாற்றினார். 1945 இல் டென்னசி மாநிலத்தின் இசை நகரமான நாஷ்வில்லுக்கு வந்தவர், அந்த ஆண்டு டிசம்பரில் பாடகரும் மாண்டலின் கலைஞருமான பில் மன்றோவின் 'புளூ கிராஸ் பாய்ஸ்' குழுவில் சேர்ந்தார். அப்போது வயது 21. மன்றோவின் குழுவில் அதற்கு முன் பாஞ்சோ வாசித்தவர் ஸ்டிரிங்பீன் என்ற நகைச்சுவைக் கலைஞர். அவர் விலகியதில் குழுவின் பாடகர் லெஸ்டர் ஃபிளாட்டுக்கு நிம்மதிதான், ஏனென்றால் பாஞ்சோ பாட்டைப் பின்னுக்கு இழுக்கிறது என்பது அவர் குறை. புதியவர் ஒருவர் வருகிறார் என்றதும், கருவியைப் பெட்டிக்குள்ளேயே வைத்திருக்கட்டும் என்றாராம். ஒரு விடுதி அறையில் ஸ்க்ரக்ஸ் இரண்டு பாட்டு வாசித்துக் காட்டிய பிறகு, என்ன சம்பளம் கேட்டாலும் கொடுத்துச் சேர்த்துக்கொள்ளச் சொல்லி மன்றோவிடம் பேசியவரும் அதே ஃபிளாட்.

'கிராண்ட் ஓல் ஓப்ரி' வானொலி நிகழ்ச்சியின் மேடையில் கூட்டம் ஆர்ப்பரித்தது. பழைய தலைமுறைப் பாஞ்சோக்காரரும் ஓப்ரியின் பெரிய நட்சத்திரமுமான அங்கிள் டேவ் மேக்கன், பையன் நன்றாகத்தான் வாசிக்கிறான், ஆனால் கொஞ்சமும் சிரிப்பு வரவில்லையே என்று சொன்னதாக ஒரு கதை உண்டு. கேலியாகச் சொல்லப்பட்டதோ என்னவோ, நிகழ்ந்த மாற்றத்தை அதைவிடச் சுருக்கமாகச் சொல்லிவிட முடியாது. மேடையில் ஓர் இளைஞர் புன்னகைகூட இல்லாமல், கண்ணைத் தாழ்த்திக்கொண்டு வாசிக்கிறார். கோமாளியின் கருவி ஃபிடிலுக்கும் மாண்டலினுக்கும் சமமாக நிற்கிறது.

மன்றோ, ஃபிளாட், ஸ்க்ரக்ஸ், ஃபிடிலில் சப்பி வைஸ், டபுள் பேஸில் ஹோவர்ட் வாட்ஸ் ஆகிய ஐவரும் 1946, 1947 ஆண்டுகளில் கொலம்பியா நிறுவனத்துக்காகச் செய்த பதிவுகள்தான், பின்னாளில் புளூகிராஸ் என்று பெயர் பெற்ற இசையின் அச்சு. அந்தப் பெயரே மன்றோவின் குழுப்பெயரிலிருந்து வந்தது. குழுப்பெயர் அவர் பிறந்த கென்டக்கி மாநிலத்தின் செல்லப்பெயரிலிருந்து. அந்த இசை பிறந்தது மன்றோ ஓப்ரியில் சேர்ந்த 1939 இலா, ஸ்க்ரக்ஸ் வந்துசேர்ந்த 1945 இலா என்று ரசிகர்கள் இன்னும் மல்லுக்கு நிற்கிறார்கள். மன்றோவின் குரலும் அவர் பிடித்த வேகமும் முன்பே இருந்தவை என்பதை மறுக்க முடியாது. ஆனால் 1945க்கு முந்தைய பதிவு ஒன்றையும் பிந்தையது ஒன்றையும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டினால், 'இதுதான் புளூகிராஸ்' என்று புதியவர் எதைச் சுட்டுவார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. நல்வாய்ப்புக்கும் இதில் பங்கு உண்டு. அதே வட்டாரத்தைச் சேர்ந்த டான் ரீனோ என்ற இளைஞரை மன்றோ முன்னதாகவே அழைத்திருந்தார். அவர் ராணுவத்துக்குப் போய்விட்டார். திரும்பி வந்தபோது எல்லோரும் தம்மை ஸ்க்ரக்ஸின் நகல் என்று சொல்லக் கண்டு, வேண்டுமென்றே வேறொரு பாணியை உருவாக்கிக்கொண்டார்.

வாரம் முழுவதும் காரில் ஊர் ஊராகச் சென்று, சனிக்கிழமை இரவு ஓப்ரிக்குத் திரும்பிவிட வேண்டும் என்ற ஓட்டம் தாங்காமல் ஸ்க்ரக்ஸ் 1948 தொடக்கத்தில் விலகினார். ஃபிளாட்டும் உடனே விலக, இருவரும் சேர்ந்து 'ஃபாகி மவுண்டன் பாய்ஸ்' குழுவைத் தொடங்கினார்கள். மன்றோ இதை மன்னிக்கவில்லை. இருபது ஆண்டுகளுக்கு மேல் ஃபிளாட்டோடு அவர் பேசவே இல்லை.

1949 டிசம்பரில் சின்சினாட்டி நகரில் பதிவான 'ஃபாகி மவுண்டன் பிரேக்டவுன்' அந்தக் குழுவின் சொத்து. சொற்கள் கிடையாது, மூன்று நிமிடம்கூட ஓடாது. இரண்டாம் தந்தியில் இரண்டாம் ஃபிரெட்டை அழுத்திச் சுண்டி, அந்த ஒலி அடங்குமுன் அடுத்த ஃபிரெட்டில் விரலைக் குத்தி ஸ்வரத்தை மேலே தள்ளுவார். உடனே இன்னொரு முறை. பாட்டு தொடங்கி ஒரு நொடிக்குள் கேட்பவர் பிடிபட்டுவிடுவார். அதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. பாஞ்சோ இ மைனருக்குப் போகும் இடத்தில் ஃபிளாட்டின் கிட்டார் இ மேஜர் கார்டை வாசிக்கிறது. இலக்கணப்படி இரண்டும் மோத வேண்டும், மோதவும் செய்கின்றன. ஆனால் அந்த உரசல் இல்லாமல் திருத்தமாக வாசிக்கப்பட்ட பிந்தைய பதிப்புகள் எனக்கு என்னவோ சற்று உப்புக் குறைந்தவையாகவே படுகின்றன.

அவர் கை, கருவியையும் விட்டுவைக்கவில்லை. வாசிப்பின் நடுவிலேயே இரண்டாம் தந்தியைத் தளர்த்தி, மீண்டும் இறுக்கி ஸ்வரத்தை வழுக்கவிடும் உத்தியை 1951 இல் வந்த 'எர்ல்ஸ் பிரேக்டவுன்' பாட்டில் கேட்கலாம். தந்தி சரியான இடத்துக்குத் திரும்பி வந்து நிற்க வேண்டுமே என்பதற்காகப் பாஞ்சோவின் தலைப்பகுதியில் துளையிட்டுக் கூடுதல் திருகாணிகளைப் பொருத்தினார். 'ஸ்க்ரக்ஸ் பெக்' என்று அதற்குப் பெயரே வந்துவிட்டது. பிற்பாடு பில் கீத் என்ற பாஞ்சோ கலைஞர் தம் நண்பரோடு சேர்ந்து அதைச் செம்மைப்படுத்தி விற்பனைக்குக் கொண்டுவந்தார். ஸ்க்ரக்ஸ் 1968 இல் வெளியிட்ட பயிற்சி நூலுக்குப் பாடல்களைத் தந்திக்குறிப்பாக எழுத உதவியவரும் இதே கீத்தான்.

தொழில் பக்கத்தைப் பற்றிச் சொல்லும்போது லூயிஸ் ஸ்க்ரக்ஸைச் சொல்லாமல் விடுவது நியாயமன்று. 1948 இல் எர்லை மணந்த லூயிஸ், 1950களின் நடுவிலிருந்து குழுவின் மேலாளராக இருந்து, நிகழ்ச்சி ஒப்பந்தம், கணக்கு, விளம்பரம் எல்லாவற்றையும் கவனித்தார். நாஷ்வில் இசைத்தொழிலில் அன்று ஒரு பெண் அந்த நாற்காலியில் அமர்வது அரிது. 1953 முதல் மார்த்தா ஒயிட் என்ற மாவு நிறுவனத்தின் ஆதரவில் விடியற்காலை வானொலி நிகழ்ச்சி. மன்றோவின் எதிர்ப்பையும் மீறி 1955 இல் ஓப்ரி மேடையில் இடம். அதே ஆண்டு நோயுற்ற தாயைப் பார்க்கப் போகும் வழியில் நேர்ந்த கார் விபத்தில் எர்லின் இடுப்பெலும்பு நொறுங்கிப் பல மாதங்கள் வாசிக்க முடியாமல் போனது. 1962 டிசம்பரில் நியூயார்க் கார்னகி ஹாலில் கச்சேரி. 'தி பெவர்லி ஹில்பில்லீஸ்' தொலைக்காட்சித் தொடரின் தலைப்புப்பாட்டு வாய்ப்பு வந்தபோது, கிராமத்து மக்களைக் கேலிசெய்வார்களோ என்று லூயிஸ் முதலில் தயங்கினார். குழு வெளியிட்ட அந்தப் பாட்டு 1963 ஜனவரியில் கன்ட்ரி தரவரிசையில் முதலிடம் பிடித்தது. 1967 இல் 'போனி அண்ட் க்ளைட்' திரைப்படத்தின் துரத்தல் காட்சிகளில் 'ஃபாகி மவுண்டன் பிரேக்டவுன்' ஒலித்ததும், பழைய பதிவு உலகப் புகழ் பெற்றது. கிராமி விருதும் வந்தது.

அந்தப் புகழின் உச்சியில், 1969 இல், இருவரும் பிரிந்தார்கள். ஃபிளாட்டுக்குப் பழைய பாட்டுகள் போதும். பாப் டிலன் பாடல்களைப் பதிவுசெய்யச் சொன்னபோது அவருக்குக் கசந்தது. ஸ்க்ரக்ஸுக்கோ, வீட்டில் ராக் இசை வாசித்துக்கொண்டிருந்த மகன்களோடு சேர வேண்டும் என்று ஆசை. 'எர்ல் ஸ்க்ரக்ஸ் ரெவ்யூ' என்ற பெயரில் மின்கிட்டார், டிரம்ஸ் எல்லாம் வைத்துக்கொண்டு கல்லூரிகளில் வாசித்தார். 1969 நவம்பரில் வாஷிங்டனில் வியட்நாம் போருக்கு எதிராகத் திரண்ட பெருங்கூட்டத்திலும் போய் வாசித்தார். அன்றைய கன்ட்ரி இசையுலகில் யாரும் எளிதில் எடுக்கத் துணியாத நிலைப்பாடு அது. ரெவ்யூவின் பதிவுகள் எல்லாம் காலத்தை வென்றவை என்று நான் சொல்லமாட்டேன், சிலவற்றில் டிரம்ஸின் இரைச்சலில் பாஞ்சோ மூச்சுத்திணறுகிறது. இருந்தாலும் நாற்பத்தைந்து வயதில், உத்தரவாதமான வருமானத்தைத் தரும் குழுவை விட்டுவிட்டுப் பிள்ளைகளின் இசைக்குள் நுழைந்த துணிவு, அவருடைய அமைதியான முகத்தைப் பார்த்தால் எதிர்பார்க்க முடியாதது. 1979 இல் ஃபிளாட் இறப்பதற்குச் சில காலம் முன்பு மருத்துவமனைக்குப் போய் அவரைப் பார்த்துப் பேசினார். ஸ்க்ரக்ஸ் 2012 மார்ச் 28 அன்று தமது 88 ஆம் வயதில் நாஷ்வில்லில் காலமானார். ஓப்ரியின் பழைய அரங்கமான ரைமனில் இறுதி நிகழ்வு நடந்தது. ஷெல்பியின் பழைய நீதிமன்றக் கட்டடம் 2014 முதல் அவர் பெயரிலான அருங்காட்சியகமாக இருக்கிறது.

இனி, எங்கிருந்து கேட்கத் தொடங்கலாம் என்ற கேள்வி. 1949 இன் 'ஃபாகி மவுண்டன் பிரேக்டவுன்' இருக்கட்டும், அதை எப்படியும் கேட்டுவிடுவீர்கள். அதற்கு முன் மன்றோ குழுவின் 1946–47 பதிவுகளில் நான்கைந்தைக் கேளுங்கள். அவற்றில் பாஞ்சோ தனியாக வாசிக்கும் இடத்தைவிட, ஃபிளாட் பாடும்போது அவர் குரலுக்குப் பின்னால் அது என்ன செய்கிறது என்பதில் காதை வையுங்கள். பாடகர் மூச்சு வாங்கும் இடத்தில் எழும்பி, சொல் வந்ததும் அடங்கிவிடும். பிறகு கார்னகி ஹால் கச்சேரிப் பதிவு. அரங்கின் ஆரவாரத்தோடு குழு முழுவீச்சில் இருக்கும். கடைசியாக, பலரும் கவனிக்காமல் விடும் ஒன்று: 1951 இல் பதிவான 'ஜிம்மி பிரவுன்' பாட்டில் ஸ்க்ரக்ஸ் பாஞ்சோவைத் தொடவே இல்லை, கிட்டார் வாசிக்கிறார். பழம்பெரும் நாட்டுப்புறப் பாடகர் குழுவான கார்ட்டர் குடும்பத்தின் மேபெல் கார்ட்டரிடமிருந்து கேட்டுக் கற்ற பாணி அது. கனத்த தந்திகளில் கட்டைவிரல் மெட்டை வாசிக்க, மேல் தந்திகளை மற்ற விரல் மெல்ல வருடிக்கொண்டு போகும். வேகமும் இல்லை, ரோலும் இல்லை. பாஞ்சோவின் ஸ்வர மழைக்குள் மெட்டைத் தேடி எடுத்துக் கொடுத்த அந்தக் கட்டைவிரலை இதில் தனியாகக் கேட்கலாம்.